பொதுச் சுவரில் ஓர் ஆணி

இன்று காலை உன் பக்கத்திலிருந்து சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று முறை. நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கத்தியைப் போட்டுவிட்டுச் செருப்புகூடப் போடாமல் ஓடி உன் வாசலில் போய் நின்றேன். கதவு திறந்திருந்தது. புதுச் சுண்ணாம்பு வாடை. உள்ளே ஒரு பெண் நாற்காலியின் மேல் ஏறி நின்று, உன் பழைய ஆணி இருந்த இடத்தில் புது ஆணி ஒன்றை அடித்துக்கொண்டிருந்தாள். காலண்டர் மாட்டவாம். "இன்னாக்கா, சத்தம் ரொம்ப வருதா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் நீ போய் எட்டு மாதமாகிறது என்பது உறைத்தது.

நம் இருவருக்கும் அந்தச் சுவர்தானே டெலிபோன். இரண்டு தட்டினால் டீ போட்டாயிற்று. மூன்று தட்டினால் போட்டது போட்டபடி வா. ஒரு தட்டுக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. நான்தான் அதற்கும் ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். "ஒண்ணு வேணாம் டீச்சரே, கை தவறிகூட பட்டுடும்" என்று நீ சொல்லிவிட்டாய். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

எர்ணாவூரின் இந்தக் குடியிருப்புக்கு நீ ஒதுக்கீட்டில் வந்தவள். கல்மண்டபத்துக்குக் கிழக்கே கடலோரம் இருந்த உங்கள் குடிசை வரிசையை எடுத்தபோது, மூன்றாவது மாடியில் ஓர் அறையும் சமையல் மூலையும் கொடுத்து அனுப்பினார்கள். நான் வாடகைக்கு வந்தவள். என் வீட்டுக்காரர் போய், ராயபுரத்துப் பள்ளிக்கூட வேலையும் போய், பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துப் பிழைக்கலாம் என்று வந்தேன். நீ இருட்டு விலகும் முன்னே காசிமேட்டுக்கு இறால் உரிக்கப் போவாய். மதியம் திரும்பிக் குளித்துவிட்டு, குளித்தாலும் போகாத இறால் வாடையோடு என் டியூஷன் பாயின் ஓரத்தில் பூண்டு உரிக்க உட்காருவாய். பிள்ளைகள் மூக்கைப் பிடித்தால் நான் முறைப்பேன். உன்னை உன் வீட்டில் உட்காரச் சொன்னால், "செவுத்த பாத்துகினு ஒண்டியா குந்திகினு இருக்க சொல்றியா?" என்பாய். எனக்கும் அதே கதிதான் என்பதால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

உருமாற்றங்கள் பாடம் நடத்திய நாள் உனக்கு நினைவிருக்கும். ஓர் உருவத்தை அளவு மாறாமல் நகர்த்துவது இடப்பெயர்வு, ஒரு புள்ளியைச் சுற்றித் திருப்புவது சுழற்சி, கண்ணாடியில் காண்பதுபோலப் புரட்டுவது எதிரொளிப்பு. பத்தொன்பது வருடம் நடத்திய பாடம். ஒய் அச்சில் எதிரொளித்தால் எக்ஸுக்குக் குறி மாறும், தொண்ணூறு பாகை சுழற்றினால் இரண்டும் இடம் மாறி ஒன்றுக்கு மைனஸ் வரும் என்று நான் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொன்னார்கள். நீ பூண்டிலிருந்து தலையைத் தூக்கி, "ஏன் மாறுது?" என்றாய்.

"அது விதி" என்றேன்.

"இத்தினி வருசமா சொல்லிக்குடுத்துகினு கீற, ஏன்னு கேட்டா விதின்ற. டிராபிக் போலீசு மாதிரி."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆறாம் வகுப்போடு நிறுத்தியவள் என்னைக் கேட்பதா என்று இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பூண்டை மட்டும் உரி என்று வெடுக்கென்று சொன்னேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. அன்று டீக்குத் தட்டவும் இல்லை.

மறுநாள் உன் கையில் பூண்டு இல்லை, பழுப்பு உறை ஒன்று இருந்தது. உன் நெஞ்சு எக்ஸ்ரே. இழுப்புக்காக ஆஸ்பத்திரியில் எடுத்தது. நான் பிள்ளைகளுக்காகத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு வைத்திருந்தேன். நீ ஒரு பெண்ணின் நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து அந்த எக்ஸ்ரேயில் ஒட்டினாய். எக்ஸ்ரேயின் ஒரு மூலையை ஆதிப்புள்ளியில் வைத்தாய். பொட்டு வலப்பக்கம் மூன்று கட்டம், மேலே ஒரு கட்டம் தள்ளி இருந்தது. அந்த மூலையைப் பெருவிரலால் அமுக்கிக்கொண்டு மெதுவாக இடப்பக்கம் கால்சுற்று திருப்பினாய்.

"தோ பாரு. படுத்துகினு இருந்த மூணு எழுந்து நின்னுச்சு. நின்னுகினு இருந்த ஒண்ணு பின்னாடி சாஞ்சு படுத்துச்சு. பின்னாடின்னா மைனஸு. இதுக்கு போயி விதின்ற."

நான் குனிந்து கட்டங்களை எண்ணிப் பார்த்தேன். மைனஸ் ஒன்று, மூன்று. சரியாக இருந்தது. பத்தொன்பது வருடம் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்த ஒன்றை அன்றைக்குத்தான் நான் கண்ணால் பார்த்தேன்.

அதோடு நீ விடவில்லை. எக்ஸ்ரேயின் ஓரத்தில் இடப்பக்கத்தைக் காட்ட ஆங்கில 'எல்' எழுத்து இருந்ததல்லவா. தரையில் எப்படித் தள்ளினாலும் எப்படிச் சுற்றினாலும் அது எல்லாகவே இருந்தது, சாய்ந்திருக்கும், தலைகீழாக இருக்கும், அவ்வளவுதான். பிறகு எக்ஸ்ரேயைத் தூக்கிப் புரட்டி வைத்தாய். எல் திரும்பிக்கொண்டது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாய். உன் இதயம் வலப்பக்கம் போயிருந்தது. "தரையிலயே வெச்சி எவ்ளோ தள்ளினாலும் இது வராது. தூக்கித்தான் ஆவணும்" என்றாய். இதைவிடத் தெளிவாக எந்த ஆசிரியரும் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று இரண்டு தட்டு என் பக்கத்திலிருந்து போனது. டீயோடு மன்னிப்பும் கேட்டேன். "அத்த வுடு, சக்கர பத்தல" என்றாய்.

அதற்குப் பிறகு உனக்குக் குடியிருப்பே பாடப்புத்தகமாகிவிட்டது. கீழ் வீடு உன் வீட்டையே ஒரு மாடி இறக்கி வைத்தது. எதிர் பிளாக் நம் பிளாக்கை அரைச்சுற்று சுற்றி வைத்தது. அங்கே யார் வீட்டிலோ கண்ணை மூடிக்கொண்டு டீ போட்டதாக வந்து பெருமையடித்தாய். உன் வீட்டைப்போலவே நுழைந்ததும் பீச்சாங்கை பக்கம் அடுப்பு இருந்ததாம். என் வீடுதான் உனக்குத் தகராறு. எனக்கு அடுப்பு சோற்றாங்கை பக்கம், குளியலறை இடப்பக்கம். உனக்கு அப்படியே மாற்றி. நடுச்சுவர்தான் கண்ணாடி. சுவரிலிருந்து என் அடுப்பு நாலு எட்டு, உன் அடுப்பும் நாலு எட்டு. நீ நடந்து பார்த்தாய். பிறகு என்னையும் நடக்க வைத்தாய்.

ஆனால் தெரிந்துகொள்வது வேறு, கைக்கு வருவது வேறு. எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று ஏதோ காரமாக வீசிய ஒரு மத்தியானம், மூன்று தட்டு கேட்டது. ஓடி வந்தேன். நீ கட்டிலில் குனிந்து உட்கார்ந்து மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தாய். பேச முடியவில்லை. கையால் சமையல் மூலையைக் காட்டினாய். நீ பம்பு என்று சொல்கிற இன்ஹேலர் அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். நான் நேராக வலப்பக்கம் திரும்பி ஓடிக் குளியலறைக் கதவில் போய் மோதினேன். என் வீட்டில் அந்தப் பக்கம்தானே அலமாரி. கதவைத் திறந்து வாளியையும் குழாயையும் பார்த்துக்கொண்டு, ஏன் அலமாரி இல்லை என்று விழித்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நீ கட்டில் சட்டத்தைக் கையால் அடித்த பிறகுதான் திரும்பினேன்.

நீ தேறி உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "டீச்சருக்கே கண்ணாடி மறந்து பூச்சு." எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீதான் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு ஆணியும் சுத்தியலுமாக வந்தாய். "கண்ணாடிக்கோட்டு மேல கீறது மட்டும் இந்தாண்டயும் போவாது, அந்தாண்டயும் போவாது. அங்கியே கீது. அப்ப பம்ப அங்கதான மாட்டணும்?" அந்தக் கோட்டின் மேல் இருக்கும் புள்ளிகள் எதிரொளிப்பில் இடம் மாறுவதில்லை என்பதை நான் எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன். நைலான் நூலால் வாசல் மூலையிலிருந்தும் தரையிலிருந்தும் அளந்து, நீ உன் பக்கம் ஆணி அடித்தாய். நான் இந்தப் பக்கம் காதை வைத்துக் கேட்டுச் சத்தம் வரும் இடத்தில் சாக்பீஸால் குறித்தேன். அங்கே ஓர் ஆணி. உனக்கொரு இன்ஹேலர் அந்தப் பக்கம், அவசரத்துக்கு இன்னொன்று என் பக்கம். இனி எந்த வீட்டில் யாருக்கு என்ன ஆனாலும் வலது இடது யோசிக்க வேண்டாம், சுவருக்குப் போனால் போதும் என்று ஏற்பாடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் நினைவுநாள். ராயபுரம் மாதா கோயிலில் பூசைக்குப் போனேன். "திரும்பி வரச்சொல்ல பன்னு வாங்கியா" என்றாய். பூசை முடிந்ததும் வந்திருக்கலாம். பழைய பள்ளிக்கூடத்து டீச்சர்கள் இரண்டு பேர் வாசலில் பிடித்துக்கொண்டார்கள், அரைமணி நேரம் பேசினேன். யாருக்குக் கல்யாணம், யாருக்குச் சர்க்கரை என்ற பேச்சு. அதில் ஒரு வார்த்தைகூட இன்றைக்கு எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்து டீ போட்டு, பன்னைத் தட்டில் வைத்து, சுவரை இரண்டு முறை தட்டினேன். பதில் இல்லை. தூங்குகிறாய் என்று நினைத்தேன். பிறகு மூன்று முறை தட்டினேன்.

கதவு சாத்தித்தான் இருந்தது. இந்த முறை நான் தப்பான பக்கம் திரும்பவில்லை. நேராகச் சுவருக்குத்தான் வந்தேன். நீ கட்டிலில், ஆணிக்குக் கீழே, சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாய். இன்ஹேலர் உன் கையில் இருந்தது. நீ போட்ட கணக்கு சரிதான், கைக்கு எட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இதயம் என்று சொன்னார்கள்.

அடக்கத்தன்று கீழ் வீட்டுக்காரி என் காதருகே வந்து, "காலைல செவுத்த தட்ற சத்தம் கேட்டுச்சு டீச்சர், நீங்க இருக்கீங்கன்னு நெனச்சிட்டேன்" என்றாள். எத்தனை தட்டு என்று நான் கேட்கவில்லை. மூன்று என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். மூன்றானால் நீ கூப்பிட்டிருக்கிறாய், நான் கோயில் வாசலில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து அவள் வீட்டைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் மாடி ஏறுகிறேன். எட்டு மாதமாக அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்திருக்கலாம்.

உன் மகன் வந்து சாமானை எடுத்துப் போனபோது எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். எக்ஸ்ரேயைக் கேட்டேன். அவன் ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தான். இப்போதும் உருமாற்றங்கள் பாடம் வந்தால் அதைத்தான் தரையில் வைத்துச் சுற்றுகிறேன். பிள்ளைகள் ஏன் என்று கேட்கிறார்கள், கேட்க விடுகிறேன். புரட்டி மட்டும் காட்டுவதில்லை. உன் இதயத்தை வலப்பக்கம் பார்க்க எனக்கு மனசில்லை, அதற்கு வேறு தாள் வைத்திருக்கிறேன்.

இன்று ஆணி அடித்த சத்தம் கேட்டுக் கீழ் வீட்டுக்காரியும் மேலே வந்துவிட்டாள். "திருப்பியும் அதே எடத்துல சத்தம் கேட்டுச்சா, பக்குனு ஆயிடுச்சு டீச்சர்" என்று என் வாசலில் மூச்சு வாங்க நின்றாள். ஓட இடமில்லை. கேட்டுவிட்டேன். அன்றைக்கு எத்தனை தட்டு.

அவள் யோசிக்கவே இல்லை. "ரெண்டு. ரெண்டே தபா தான். அப்பால ஒண்ணும் கேக்கல."

இரண்டு. அவள் போன பிறகு வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நான் வந்துவிட்டேன் என்று நினைத்து டீக்குத் தட்டினாயா? இல்லை, மூன்றாவது தட்டுக்குக் கையைத் தூக்க முடியவில்லையா? உன் அடுப்பில் அன்று பால் இருந்ததா, டீச்சட்டி இருந்ததா என்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உன் வீட்டில் அன்று உன்னைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. உருவமும் பிம்பமும் இருந்தால் நடுவில் என்ன நடந்தது என்று கண்டுபிடித்துவிடலாம் என்று தினமும் சொல்லிக்கொடுக்கிறேன். என் கையில் இருப்பது இரண்டு தட்டுதான். அதை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் போக முடியவில்லை. டீதான் என்று வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். சில நிமிடம் நிற்கிறது, பிறகு நழுவிவிடுகிறது.

நாலு மணிக்கு டீ போட்டேன். கை பழக்கத்தில் இரண்டு டம்ளர் எடுத்துவிட்டது. என் பக்கத்து ஆணியில் உன் இன்னொரு இன்ஹேலர் தூசி படிந்து தொங்குகிறது, அதை நான் எடுக்கவில்லை. அதன் கீழே சுவரில் விரல் முட்டியால் மெதுவாக இரண்டு முறை தட்டினேன். யாருக்கும் கேட்காது என்றுதான் நினைத்தேன்.

புதிதாகக் குடிவந்த அந்தப் பெண் என் வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். "கூப்டீங்களாக்கா?"

"இல்லம்மா, கை தவறிப் பட்டுடுச்சு" என்றேன்.

அவள் சரியென்று தலையாட்டிவிட்டுப் போனாள். கை தவறினால் ஒரு முறைதான் படும் என்பது அவளுக்குத் தெரியாது.