மூன்றாம் வரிசை மல்பெரி

மிஹோ,

இதை யாரிடமும் காட்டாதே. உன் அம்மாவிடம்கூட வேண்டாம். படித்ததும் குளியலறை அடுப்பில் போட்டுவிடு. பள்ளியில் உன்னோடு பேசக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் காலையில் பள்ளி வாசலில் உன் செருப்பு மாடத்தில் வைத்துவிடுகிறேன்.

மாடியில் புழுக்கள் இலை தின்னும் சத்தமே இல்லை. அவற்றை வளர்த்த தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. அம்மா பசியில்லை என்கிறாள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

முட்டைக்கோஸில் பூச்சியைக் கொல்ல உன் அப்பா அடித்த, உயிருள்ள கிருமி கலந்த மருந்து காற்றில் வந்துதான் எங்கள் பட்டுப்புழுக்கள் செத்தன என்று ஊரே சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டத்தில் உங்கள் நிலக் குத்தகையை ரத்து செய்யப்போகிறார்கள். அப்படிச் செய்யக் கேட்டது எங்கள் அப்பாதான்.

இன்று மாலை பட்டு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நிஷிமுரா வந்தார். நான் தேநீர் கொண்டுபோனபோது சொல்லிக்கொண்டிருந்தார்: "ரெண்டு கிருமியும் ஒரே குடும்பம்தாங்க, ஆனா ஆள் வேற. மரபணுவைப் பாத்தாச்சு. மருந்துல இருக்கறது உங்க புழுவைக் கொல்லல. கொன்னது இந்த மண்ணுலயே இருந்தது."

அம்மா கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. போன இலையுதிர் காலத்தில் ஒரு தட்டுப் புழுக்கள் செத்தன. நோய் மண்ணில் தங்காமல் இருக்க எரித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் புழுக்களை யாரும் 'அது' என்பதில்லை, 'அவங்க'தான். எரிக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. மல்பெரித் தோட்டத்தில் மூன்றாம் வரிசையின் அடியில் புதைத்து, சோறு வைத்துக் கும்பிட்டாள். நான் குடை பிடித்தேன். இந்த மழையில் சேறு தெறித்த இலைகளை அந்த வரிசையிலிருந்தும்தான் வெட்டி இந்தப் புழுக்களுக்குப் போட்டோம்.

நிஷிமுரா போனதும் அப்பா, "வெளியில மூச்சு விடாதீங்க. கோஸ்காரன் தலையிலேயே கிடக்கட்டும்" என்றார். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பிறகு அவள் குளிக்க அவரே தண்ணீர் காய வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

எப்படியாவது உன் அப்பாவை நிலையத்துக்குப் போகச் சொல். என் பெயர் வேண்டாம். இரண்டு கிருமியும் ஒன்றா என்று கேட்டால் போதும், அவர்கள் சொல்லிவிடுவார்கள். அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்க வேண்டாம், மிஹோ. கூட்டத்தில் அம்மாவும் உட்கார்ந்திருப்பாள். அவளை யாரும்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான். இவ்வளவு மெதுவாக வேறு யாரும்