பக்கீருடைய லோஞ்சின் அடித்தகடு

திருகோணமலை
14.3.1974

அன்புள்ள மகள் குணேஸ்வரிக்கு,

நாங்கள் இருவரும் சுகம், நீயும் சுகமாக இருக்கக் கோணேசரை வேண்டுகிறேன் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். அப்பா சுகம். நான் சுகமில்லை, பிள்ளை. காய்ச்சல் தடிமன் ஒன்றுமில்லை, பயம். நாலு நாளாக அதுதான். உன்னிடம் சொல்லாமல் வேறு ஆரிடம் சொல்வது.

மூதூருக்குக் கடலால் சனம் ஏற்றுகிற பக்கீரைத் தெரியுமல்லவா, போன கிழமை செவ்வாய்க்கிழமை வந்தார். தன்னுடைய இரும்பு லோஞ்சின் அடி துருவில் ஓட்டையாகிவிட்டது, பாஸ் ஒரு தகடு வெட்டிப் பூட்டித் தரவேணும் என்றார், ஊரில் இரும்பு வேலைக்கு அப்பாதானே பாஸ். புது இரும்பு எங்கே இருக்கிறது இந்த நாட்டில்? பெரிய ஆட்களின் வீட்டுக் கேற்றுக்கு இருக்கிறது, சனம் போகிற லோஞ்சுக்கு இல்லை. எங்கேயோ உடைத்த பழைய தண்ணீர்த் தாங்கியின் கால் அங்குலத் தகடு ஒன்றைத்தான் கொண்டுவந்தார். கப்பல் வேலையில் காது போன பிறகு அப்பா எப்படி வேலை செய்கிறார் என்று உனக்குத் தெரியும், நீ கொழும்புக்கு டெலிபோன் வேலைக்குப் போகுமட்டும் நீதான் அவருக்குக் காது. தகட்டில் நாலு மூலையும் நடுவுமாக ஐந்து வட்டம் போட்டுவிட்டுச் சுத்தியலைத் தருவார், தட்டிக் கேட்டு, மணிபோல இருந்தால் தலையாட்ட வேணும், உள்ளே பிளந்திருந்து மொத்தென்று கேட்டால் கையை விரிக்க வேணும், அதற்குப் பிறகுதான் அறுக்கிற வாளை வைப்பார். நீ போனபிறகு அது என் வேலை.

அன்றைக்குப் பார்த்துச் சங்கக் கடைக்குக் கூப்பன் மாவு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கமலேஸ்வரி வேலிக்கு மேலால் எட்டி, அக்கா கெதியாய் வாங்கோ, இன்னும் முப்பது பேருக்குத்தான் காணுமாம், இரும்பையா அவிச்சுத் தின்னப் போறீங்கள் என்று கத்தினாள். அப்பா மற்றப் பக்கம் திரும்பி வாளுக்குப் பிளேட் மாட்டிக்கொண்டு நின்றார். நான் இரண்டு மூலையில் மட்டும் தட்டினேன். அவர் திரும்பியதும் ஓம் என்று தலையாட்டிவிட்டுக் கூப்பனை எடுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு றாத்தல் மாவு, பிள்ளை. அதற்காக மனுசரை நாய்போல வெயிலில் நிறுத்தி வைக்கிறவர்களை நான் பழித்துக்கொண்டுதான் நின்றேன், ஆனால் அந்தத் தலையை ஆட்டினது அவர்கள் இல்லை, நான்தான்.

அப்பா பின்னேரம்வரை நின்று அறுத்து, அராவி, அடுத்த நாள் லோஞ்சில் பூட்டிக் கொடுத்தார். மிஞ்சின துண்டை நான் குசினி வாசலில் தண்ணீர்க் குடத்துக்குக் கீழே வைத்தேன். ஞாயிறு பின்னேரம் குடத்தை நகர்த்தினபோது அறுத்த விளிம்பு முழுக்க நடுவாலே மயிர் போல ஒரு துருக்கோடு. அறுத்த அன்றைக்கு அது தெரியவில்லை, ஈரம் பட்டுத்தான் வெளியே வந்திருக்கிறது. கத்தி முனையை வைத்தேன், உள்ளே போனது. ஒரு தகடு இல்லை அது, ஒட்டினமாதிரி நிற்கிற இரண்டு தோல். உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேணும். சொல்லவில்லை. செவிட்டு பாஸ் பூட்டின தகடு என்று ஊர் சொன்னால் அதோடு அவருக்கு வேலை சரி, அந்த மனுசன் வேலை இல்லாமல் உயிரோடு இருக்க மாட்டார் என்று நினைத்தேன். திங்கள் காலை லோஞ்சு இரண்டு ஓட்டம் போய் வந்தது. எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டு அடுப்படியில் இருந்தேன். இதை எழுதவே கூசுது.

மத்தியானம் பொறுக்க ஏலாமல் இறங்குதுறைக்குப் போனனான். இருபது பேர் என்று எழுதியிருக்கிற லோஞ்சில் ஐம்பதுக்குக் குறையாது, நெல்மூட்டை வேறு. பக்கீரிடம் சொன்னேன். அவர் சிரித்தார், அக்கா, தண்ணி வந்தால் உங்களுக்குத்தான் முதலில் சொல்லி அனுப்புவேன், பாஸ் பூட்டினது நான் மையத்தாகிக் குழிக்குள் போன பிறகும் இருக்கும் என்றார். பிறகு என்ன செய்வது, வீட்டுக்கு வந்து அப்பாவின் முன்னால் அந்தத் துண்டையும் கத்தியையும் வைத்தேன். இரண்டு விரலைக் காட்டினேன், இரண்டு இடத்தில்தான் தட்டினனான் என்று. அவர் ஏசவில்லை. சட்டைகூடப் போடாமல் தகட்டுத் துண்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார், நான் பின்னால் ஓடினேன். லோஞ்சு கயிறு அவிழ்க்க நின்றது. அப்பா உள்ளே இறங்கி இஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார். சனம் கத்தியது, கிழவனைத் தூக்கி வெளியே போடுங்கோ, பொழுது போகுது என்று. அவருக்கென்ன, ஒன்றும் கேட்காது. துண்டை உயர்த்திப் பிடித்து விளிம்பில் கத்தியை இறக்கித் திருப்பினார், அப்பம்போலப் பிரிந்தது. கைப்பிள்ளையோடு இருந்த லைலா என்ற பெண்தான் முதலில் எழும்பினாள், தன் மாமியையும் இழுத்துக்கொண்டு. பிறகு எல்லாரும். லோஞ்சைக் கரையில் இழுத்துத் தகட்டின் ஆணியைக் கழற்றினபோது வெளித்தோல் ஒரு மூலையில் ஏற்கனவே கிழிந்திருந்தது, உள்தோல் கொப்புளம் போட்டு நின்றது. பக்கீர் மணலில் குந்திவிட்டார்.

பக்கீர் வேறு தகடு தேடிக் கொண்டுவந்தார், அதுவும் பழையதுதான். நேற்று அப்பா ஐந்து வட்டம் போட்டார். இனி என்னிடம் கேட்கமாட்டார், எதிர்வீட்டுக் கதிரவேலைத்தான் கூப்பிடுவார் என்று நான் குசினிக்குள் நின்றேன். அவர் வந்து சுத்தியலை என் கையில் வைத்தார். ஐந்து இடத்திலும் தட்டினேன், திரும்பவும் தட்டினேன், மணிபோலத்தான் கேட்டது, ஆனாலும் என் காதை எனக்கே நம்ப ஏலாமல் இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓம் என்று தலையாட்டினேன். வாளை வைத்தார்.

நாளை வெள்ளி காலை அந்தத் தகட்டோடு முதல் ஓட்டம். ஏதாவது என்றால் மூதூரில் இருக்கிறவர்களா சாக வேணும், ஓம் சொன்னவள் நான். அதனால் நானும் ஏறுகிறேன் என்று பக்கீரிடம் சொல்லிவிட்டேன். எனக்கு நீந்தத் தெரியாது, அது உனக்கும் தெரியும். அப்பாவிடம் புஸ்பராணி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கூப்பன் புத்தகங்களும் உன் பிறப்புப் பத்திரமும் அலுமாரியில் நடுத்தட்டில் சேலைக்குக் கீழே இருக்கின்றன. அப்பாவுக்கு இரவில் புளி கொடுக்கக்கூடாது. நீ நேரத்துக்குச் சாப்பிடு, தனிய பஸ்ஸில் வராதே. பத்திரகாளி அம்மன் உனக்குத் துணை இருப்பாள், நீ நூறு வயது வாழவேணும். சனிக்கிழமை உனக்கு ஒரு தந்தி வரும். நான் அனுப்பினதா, அப்பா அனுப்பினதா என்று முதலில் பெயரைப் பார்.

உன் அம்மா
இரத்தினேஸ்வரி