அழிக்காத கட்டம்

டூலூத்,
பிப்ரவரி 9

அன்பு வெண்டெலுக்கு, ஆரின் எழுதுவது. விறகு போதுமா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? அந்த ஏரிக்கரைக் குடிசையில் போன் எடுக்காது என்று தெரிந்துதானே போய் உட்கார்ந்திருக்கிறாய். அதனால்தான் கடிதம்.

வியாழக்கிழமை நம் பகடைக் கதையாட்டத்தில் உன் நாற்காலியில் டோரீன் உட்கார்ந்தாள். பதினோரு வருஷமாக ஆட்ட நாளில் நமக்குச் சமைத்துப் போட்ட உன் பெண்டாட்டி, முதல் தடவையாக நீ ஆடும் மந்திரவாதியின் தாளைக் கையில் எடுத்தாள். கதையில் எதிரே பனி டிராகன். எந்த மந்திரம் உதவும் என்று கேட்டாள். லைல் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டான்: "தீப்பந்து போடு டோரீன், மத்ததெல்லாம் தண்டம்." அது நம் ஆளையும் சேர்த்துச் சுடுமே என்றேன். உறக்க மந்திரம் சில்லறை எதிரிகளுக்குத்தான். கவசம் ஒரு அடியைத் தாங்கும், அவ்வளவுதான்.

அவள் தாளையே பார்த்தாள். மந்திரம் போட்டால் பென்சிலால் கட்டத்தை நிரப்பி, ஓய்வெடுத்ததும் அழிப்போமே, அதில் உன் தாள் கிழிகிற அளவு தேய்ந்திருக்கிறது. கடைசிக் கட்டம் மட்டும் புதுசு. காலத்தை நிறுத்தும் மந்திரம். "இத ஏன் ஒரு தடவகூடத் தொடல?" என்றாள். "அடுத்த சண்டைக்கு வச்சிருக்கான். எப்பவுமே அடுத்த சண்டைக்குத்தான்" என்று லைல் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. டாக்டர் சொன்ன கடைசி மருந்துக்கும் நீ இதையேதான் சொன்னாயாம், இப்போது வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்று.

ஆள் இல்லாதபோது அவனுடைய பெரிய மந்திரத்தை இன்னொருவர் தொடக்கூடாது என்பது நம் வழக்கம். அதனால் தீப்பந்தைப் போட்டாள். லைலின் வீரன் வெந்தான், டிராகன் அசையவில்லை. அது திருப்பி அடித்ததில் உன் மந்திரவாதி விழுந்துவிட்டான். பிழைக்கப் பகடை உருட்டினாள். இரண்டு தோல்வி. மூன்றாவதும் தோற்றால் சாவு. "இத நான் உருட்டமாட்டேன், அவரே வந்து உருட்டட்டும்" என்று சமையலறைக்குப் போய் அழுதாள். எனக்குப் போய்த் தேற்றத் தெரியவில்லை.

அந்த மருந்து உன்னைக் குணமாக்காது, தெரியும். சில மாதம் தரும். காலத்தை நிறுத்தும் மந்திரமும் சண்டையை ஜெயித்துக் கொடுக்காது, நாலு மூச்சு கூடுதலாகத் தரும். ஆனால் விழுந்தவனால் அதைப் போட முடியாது, வெண்டெல். எனக்கு நம்பிக்கை என்று எதுவும் மிச்சமில்லை. பயம்தான் இருக்கிறது.

மேசையைக் கலைக்கவில்லை. பதினெட்டாம் தேதி டாக்டர் உன் பதிலைக் கேட்டிருக்கிறார். பிழைத்துக்கொள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நிற்க முடிகிறபோதே வந்துவிடு. இந்த ஒரு தடவை மட்டும் சேர்த்து வைக்காதேடா.

உன்,
ஆரின்