கட்டத்தில் மிஞ்சிய பேர்

கரையான்சாவடி,
புதன்கிழமை.

அன்பு மகள் அருள்மொழிக்கு அம்மா பொன்னியம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் தம்பி உதயகுமாரும் வேளாவேளைக்குச் சோறு தின்றுகொண்டு இருக்கிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள், அங்கே மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் நிஜமாகவே நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இந்த அம்மா எதுக்குக் காகிதத்தில் கிறுக்குகிறாள் என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் என் போனை நோண்டுகிறவன் உன் தம்பி, கூப்பிட்டுப் பேசலாமென்றால் அவன் ரூமுக்கும் இதுக்கும் நடுவில் இருப்பது மெல்லிசுச் சுவர், இருமினாலே அந்தப் பக்கம் கேட்கும். அதனால்தான் எதிர்வீட்டு வெங்கட் லீவு முடிந்து அங்கே திரும்பும்போது அவனிடம் இதை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் நைனாவுக்குச் செம்பரம்பாக்கம் குடோனில் பன்னிரண்டு மணி நேரம் நின்றே காவல் காக்கிற வேலை, உட்கார ஒரு ஸ்டூல் கேட்டாராம், இன்னும் வரவில்லையாம்.

விஷயம் இதுதான். போன ஞாயிறு பேங்க் பரீட்சைக்கென்று கிளம்பிப் போனானே உன் தம்பி, அவன் பரீட்சை எழுதவில்லை. வயசு வரம்பு இந்தத் தடவையோடு சரி, இனிமேல் எழுத நினைத்தாலும் விட மாட்டார்கள் என்பது உனக்கே தெரியும். எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை, நானே கட்டம் போட்டுக் கண்டுபிடித்தேன். ஆறு வருஷமாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பரீட்சைப் புதிரையெல்லாம் கேட்டவள் இல்லையா நான். அஞ்சு பேர் அஞ்சு மாடியில் இருக்கிறார்கள், ரெண்டாவது மாடிக்காரருக்கு மாம்பழம் பிடிக்காது, டாக்டருக்கு மேலே யாரும் இல்லை, அப்படியென்றால் வக்கீல் எந்த மாடி என்று சத்தமாகப் படிப்பான். ஏண்டா, கீழே வாட்ச்மேன் கீறான் இல்ல, அவனைக் கேட்டா சொல்லிட்டுப் போறான், இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ சுத்து என்று கேட்டேன் முதல் நாள். விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் அவன்தான் கற்றுக்கொடுத்தான், பேரெல்லாம் இடது பக்கம், மாடியெல்லாம் மேலே, ஆகாததற்குப் பெருக்கல் குறி, ஆனதற்கு டிக். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் துணி எக்ஸ்போர்ட் கம்பெனி செக்கிங்கில் பதினாறு வருஷம் நின்றவளுக்கு இது பெரிய விஷயமா? அங்கேயும் நல்ல சட்டையைத் தேட மாட்டோம், ஓட்டை விழுந்ததையும் நூல் பிரிந்ததையும் கழித்துப் போட்டுக்கொண்டே போவோம், மிஞ்சுவதுதான் நல்லது. எட்டாவது வரைக்கும் படித்தவளுக்கு ஏதோ ஒன்று வருகிறதே என்று எனக்கு ஒரே பெருமை, பாவி.

ஞாயிறு காலை நாலு இட்லி தின்றுவிட்டு, சாமி கும்பிட்டு, எட்டு மணிக்குப் போனான். பத்தரைக்கு நான் கேஸ் புக் பண்ணுகிற நம்பரைத் தேடி, பரீட்சை நேரம் என்பதே மறந்து, அவனுக்குப் போன் போட்டுவிட்டேன். ரிங் முழுசாகப் போயிற்று. அய்யய்யோ என்று வைத்துவிட்டேன், ஆனால் ஹாலுக்குள் போனால் ஸ்விட்ச் ஆஃப் அல்லவா சொல்லும்? மத்தியானம் வந்தான். வருஷா வருஷம் ஹால் டிக்கெட்டில் ரேகை வைத்துவிட்டு இடது கட்டைவிரலில் மையோடுதான் வருவான், ரெண்டு நாள் போகாது, அந்தக் கையால குழம்புக் கரண்டியைத் தொடாதடா என்று கத்துவேன். இந்தத் தடவை விரல் சுத்தமாக இருந்தது. எப்டிடா எழுதினே என்றால், எழுதிக்கீறேன்மா பாக்கலாம் என்றான். அவன் குளிக்கப் போனபோது பையைத் திறந்து ஹால் டிக்கெட்டைப் பார்த்தேன், ரேகை வைக்கிற இடம் வெள்ளையாக இருந்தது. செருப்பு ஓரத்தில் ஈர மண் வேறு. பரீட்சை நடக்கிற காலேஜ் இருப்பது திருவள்ளூர் ரோட்டில், அங்கே ஏது ஈர மண்? அயனம்பாக்கம் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்திருப்பானோ என்று தோன்றியது அருளு. அன்றிலிருந்து அவன் வெளியே கிளம்பினால் திரும்பி வருகிற வரைக்கும் நான் வாசலைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

யாரிடமாவது சொல்லியிருப்பானா என்று அடுத்த கட்டம் போட்டேன். அவன் சிநேகிதன் பரத் சாயங்காலம் வந்தவுடனே இன்னா மச்சான், எத்தினி கேள்வி அட்டெண்ட் பண்ணே என்று கேட்டான், அவனுக்குத் தெரியாது. உன் நைனா வந்ததும் பையன் நல்லா எழுதிக்கீறானா என்று என்னைக் கேட்டார், அவருக்கும் தெரியாது. ஏழு மணிக்கு நீ போன் பண்ணினாய். ஆறு வருஷமாகப் பரீட்சை அன்றைக்கு எடுத்த எடுப்பில் தம்பி எப்படிம்மா எழுதினான், புதிர் கஷ்டமா என்றுதான் கேட்பாய். இந்தத் தடவை என் முழங்காலைக் கேட்டாய், தண்ணீர் வருகிறதா என்று கேட்டாய், பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லியிருக்கிறான். அதில் எனக்குக் கோபம் இல்லை, அக்காளிடமாவது சொன்னானே.

ஏன் போகவில்லை என்பதுதான் என்னைத் தின்றது. உடம்பு நன்றாக இருந்தது, பஸ் ஓடியது, ஆறு வருஷம் பயப்படாதவன் புதுசாகப் பயப்பட மாட்டான். ஒவ்வொன்றாகப் பெருக்கல் குறி போட்டேன். பரீட்சைக்கு முந்தின நாள் சனிக்கிழமை ஒரு புதிரில் அரை மணி நேரம் சிக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த நான் எட்டிப் பார்த்து, பச்சைச் சட்டைக்காரன் அங்கே குந்த முடியாதுடா என்று சொல்லிப் பேனாவை வாங்கி மளமளவென்று போட்டு முடித்துவிட்டேன். டீ குடித்துக்கொண்டிருந்த உன் நைனா, பேசாம நீயே போய் எழுதுடி, வேலை கெடச்சிடும் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவனும் சிரித்தான், அதனால்தான் எனக்கு உறைக்கவில்லை. பேனாவுக்கு மூடி போட்டு வைத்துவிட்டு வெளியே போனான், அப்புறம் அந்தப் புத்தகத்தை அவன் தொடவே இல்லை. எல்லாவற்றையும் கழித்த பிறகு கட்டத்தில் மிஞ்சியது என் பேர்தான். மூன்று தடவை அழித்துப் போட்டுப் பார்த்துவிட்டேன், மாறவில்லை. உன்னிடம் அவன் வேறு காரணம் சொல்லியிருந்தால் அதை என்னிடம் சொல்லாதே; என் மனசு ஆறட்டும் என்பதற்காகத்தான் அவன் அப்படிச் சொல்லியிருப்பான்.

இனிமேல் ஆகப்போவது ஒன்றுமில்லை. ரிசல்ட் வருகிற வரைக்கும் அவன் எழுதியதாக நடிப்பான், நான் நம்பியதாக நடிப்பேன், உன் நைனா மட்டும் ஸ்டூல் இல்லாமல் நின்றுகொண்டு நிஜமாகவே காத்திருப்பார். நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நல்லபடியாக வாழ வேண்டும், வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. ஒன்று மட்டும் மறக்காதே. வருகிற ஞாயிறு போன் பண்ணும்போது தம்பி எப்படிம்மா எழுதினான் என்று கேள். பிரமாதமாக எழுதியிருக்கிறான் என்று நான் சத்தமாகச் சொல்ல வேண்டும், சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருப்பான்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா பொன்னியம்மா.