தரையில் வெந்த கம்ப்யூட்டர்

கியுஹோ மகராசாவுக்கு,

கேம் திக்கித் திக்கி ஓடுதுன்னு, இந்த ஜனவரிக் குளிர்ல தரையைச் சூடாக்குற பாய்லரையே அணைச்சு வெச்சிருக்கே. நானும் குழந்தையும் விறைச்சுப்போய் எழுந்தோம்.

அதுக்கு முன்னாடி புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினே, ஃபேன் மாத்தினே, நான் நெட்ல சீரியல் பார்க்கிறதாலதான்னு என்மேல பாய்ஞ்சே. கொதிக்கிற தரையில கம்ப்யூட்டரை உட்கார வெச்சா அது வேகாம என்ன செய்யும்?

தூக்கி மேசைமேல வெச்சுட்டேன். பாய்லரையும் போட்டாச்சு. அதுல கை வைக்காதே!

கடற்பாசி சூப் அடுப்புல இருக்கு. உன் பிறந்தநாளாச்சேன்னு வழக்கப்படி வெச்சேன், கோபம் தீர்ந்ததால இல்லை.

நாரே

பி.கு: சரியாச்சான்னு பார்க்க ஒரு ஆட்டம் ஆடினேன். திக்கவே இல்லை. மூணு வாரமா நீ முட்டிக்கிட்டு நிக்கிற கட்டத்தைத் தாண்டிட்டேன். இனிமே தோத்தா வேற சாக்கு தேடிக்கோ.