வடை பிடிக்கும் தட்டு

4-7-88, திங்கள்
கம்ப்யூட்டரை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் ‘லூப்’ இன்றும் யாருக்கும் புரியவில்லை. ப்ளஸ் ஒன் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறார்கள். பள்ளிக்கு இருப்பது ஒரே கம்ப்யூட்டர், பழைய டிவியோடு இணைத்தது. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டினதுதான் மிச்சம்.

8-7-88
நானே ஒரு விளையாட்டுக்கு ப்ரோகிராம் எழுதி, வகுப்பில் எல்லோரையும் ஆளுக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கச் சொன்னேன். மேலேயிருந்து வடை விழும். தட்டை நகர்த்திப் பிடிக்க வேண்டும். ஒரே கும்மாளம்! ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வரும் கன்னியம்மாவுக்கு மட்டும் ஒரு வடைகூட அகப்படவில்லை. “இன்னா மிஸ், இந்த ஓட்டம் ஓடுது!” முகம் வாடிவிட்டது. வடையைத் தாமதிக்க வைக்கும் லூப்பைக் காட்டினேன். சும்மா நூறு வரை எண்ணும், எண்ணி முடித்தால்தான் வடை ஒரு படி இறங்கும், அவ்வளவுதான். அவளே நூறை முந்நூறாக்கினாள். வடை ஆடி அசைந்து வந்து தட்டில் விழுந்தது. அப்படி ஒரு சிரிப்பு அந்தக் குழந்தைக்கு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

15-7-88
தாளாளர் சாம்பசிவன் சார் கூப்பிட்டனுப்பினார். “பாடம்னு சொல்லிண்டு வீடியோ கேம் நடத்தறேளாமே?” திங்களன்று நேரில் பார்ப்பாராம். பிடிக்காவிட்டால் கம்ப்யூட்டர் வகுப்பையே மூடிவிடுவாராம். மறுபடி கொட்டாவிக்கே போகவா?

17-7-88, ஞாயிறு
போச்சு. விளையாட்டைப் பதிந்து வைத்திருந்த கேசட்டில் இவர் ரேடியோ கச்சேரியைப் பிடித்துவிட்டார்! “வெறும் கீச்சு சத்தமா இருந்தது சாவித்ரி. கெட்டுப்போன கேசட்டுன்னு நெனச்சேன்.” கம்ப்யூட்டர் கேசட் கீச்சென்றுதானே கத்தும் — யாரிடம் போய்ச் சொல்ல? அழுதே விட்டேன். பாவம், இவரும் சாப்பிடவில்லை.

18-7-88
விஷயத்தைச் சொன்னதும் பிள்ளைகள் அசரவே இல்லை. “நாங்களே அடிச்சிடறோம், மிஸ்.” ஆளுக்குக் கொஞ்சம், நினைவிலிருந்தே! தப்பு வந்த இடத்தில் அவர்களே சண்டை போட்டுத் திருத்தினார்கள். நான் வேடிக்கை பார்த்தேன்.

சார் வந்தார், ஆடினார். வடையெல்லாம் தரையில். பின்வரிசையில் கிளுக்கென்று சிரிப்பு. அவர் காது சிவந்தது. தொலைந்தோம் என்று நினைத்தேன். கன்னியம்மா மெல்லப் பக்கத்தில் போனாள். “எனக்கும் இப்டிதான் சார் ஆச்சு. இருங்க.” நூறை முந்நூறாக்கினாள்.

அடுத்த வடை தட்டில் விழுந்தது. சார் எழுந்து போய்விட்டார்.

1-8-88
வகுப்பு நடக்கிறது. இன்று மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் அறையில் டிவி வெளிச்சம் தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் சாம்பசிவன் சார். பக்கத்தில் கன்னியம்மா, கையில் பாதி சாப்பிட்ட டிபன் டப்பாவோடு:

“இப்ப நீங்களே இருநூறு ஆக்குங்க சார். பயப்படாதீங்க.”