ஐஸ் கேட்காத பீப்பாய்

அக்கா,

காலாப்பட்டு பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். என் சட்டையில் புகை. மீன். தேங்காய் மட்டை. பஸ்ஸின் மேலே ஒரு பீப்பாய் கயிற்றை இழுத்து முட்டிக்கொண்டிருந்தது. உன்னுடையதைப் போல நான் செய்தது. அங்கே மீன் விற்கும் பெண்கள் கேட்டிருந்தார்கள்.

நீ தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றாய். பொழுது சாய்ந்தால் மிஞ்சியது ஐஸ் கம்பெனி வைத்திருந்த ஐஸ்காரனுக்கு. அவன் சொல்வதே விலை. கூடைக்காரிகள் உங்களுக்கு ஐஸ் மட்டும் தரமாட்டான். தந்தால் மீன் மறுநாள்வரை தாங்கிவிடும்.

அதனால்தான் ஐஸ் இல்லாமலே மீனைப் புகையில் காக்கப் பழைய பீப்பாய் ஒன்றைப் பாதியாக அறுத்தோம். சைக்கிள் கேரியரில் நிற்க வேண்டும், நீ தனியாளாக இறக்க வேண்டும். கீழே மட்டைத் தீ, மேலே கம்பி வலையில் காணாங்கெளுத்தி. நான் எம்.ஏ. பாடத்தை மூடிவிட்டு ஊதினேன்.

"என்னா முசியே, பொகை மீனுக்குப் போவுதா, உம் மூக்குக்குப் போவுதா?" என்றாய். படிக்கிற தம்பி உனக்குப் பிரெஞ்சு துரை, 'முசியே'.

"ரெண்டுக்குந்தான்."

"அப்ப நாளைக்கு ஒன்னயும் சேத்து வித்துர்றேன்."

சில வாரங்கள் நீ அவன் வாசலுக்கே போகவில்லை.

பிறகு அவன் சந்தையில் உன் கூடை முன் நின்று மூக்கைப் பொத்தினான். "சுடுகாட்டு வாடை அடிக்குது. இதப் போயி வாங்குறீங்களே!" வாங்க நீண்ட கைகள் பின்வாங்கின. அதோடு புகைமீன் போயிற்று. மிஞ்சிய மீனோடு மறுபடி அவன் வாசலில் நின்றாய். "பொகை எங்கம்மா போச்சு?" என்றான். ஆட்கள் சிரித்தார்கள்.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல். போய்விட்டாய்.

காரைக்காலிலிருந்து அம்மா வரும்வரை உன் உடலைக் கெடாமல் வைத்திருக்க வேண்டும். கேட்காமலே அந்த ஐஸ்காரன் ஐஸ் அனுப்பினான். வண்டி நிறைய.

"காசு வேணாம்னுட்டாருண்ணே" என்றான் வண்டிக்காரன்.

உயிரோடு இருந்தபோது ஒரு துண்டு தராதவன்.

எல்லாவற்றையும் தெருவில் தள்ளினேன். மழையில் கரைந்து சாக்கடைக்குப் போயிற்று. அம்மாவுக்குக் காத்திராமல் உன்னை எடுத்தோம். உன் முகம் பார்க்காத அம்மா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை. அவன் ஐஸில் நீ படுக்கவில்லை.

இப்போது நீ விட்டதை நான் செய்கிறேன்; சாராயக் கடைக்காரர்கள் புகைமீன் கேட்டு வருகிறார்கள். வீடுகளிலும் வாங்குகிறார்கள். உப்பளம் பகுதியில் அவன் வீட்டுக்குக் கிழக்கே கொட்டகை பிடித்திருக்கிறேன். மாலையில் கடல் காற்றில் புகை நேராக அவன் ஜன்னலுக்கு.

நேற்று அதே வண்டிக்காரனை அனுப்பினான்.

"மொதலாளிக்கு மூச்சு முட்டுதாம்ணே. கொஞ்சம் தள்ளி வச்சிக்கக் கூடாதா?"

"ஐஸ் இருக்குல்ல? நெஞ்சுல வச்சிக்கச் சொல்லு."

வண்டிக்காரன் சிரித்துவிட்டான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டான்.

மட்டை நிறைய இருக்கிறது, அக்கா.